அபிஷாவின் ஆறரைக் கிலோ

ரப்பர் ஷீட் நிறுக்கிற மேடைத் தராசின் மேல் என் அக்கா மகள் அபிஷா அட்டென்ஷனில் நின்றாள். இரட்டைப் பின்னல், நீல யூனிபார்ம், பாலிஷ் போட்ட ஷூ. சுற்றிலும் ஷீட்டுகள் அட்டி அட்டியாகக் கிடந்தன. அந்தப் புளித்த நாற்றம் அவளுக்கு ஆகாது. மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினாள்.

அருமனைக்கு மேற்கே, அக்கா வீட்டுக்குப் பிரிகிற முக்கில் இருக்கிற கடை அது. பள்ளி வேன் வந்து நிற்பதும் அந்தக் கடைக்கு எதிரில்தான். கடைக்கார மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“பிள்ளைய விக்கப் போறியா, ஏட்டி? ஒண்ணாம் தரமா, ரெண்டாம் தரமா?”

நாள் முழுக்க ஷீட்டைத் தரம் பிரிப்பவருக்கு வேறு எந்த நகைச்சுவை வரும். பிள்ளை பதினெட்டு கிலோ இருந்தாள். அவளை இறக்கிவிட்டு, அவளுடைய பள்ளிக்கூடப் பையைத் தூக்கி வைத்தேன். முள் ஆடிக் கொஞ்ச நேரம் யோசித்து நின்றது. ஆறரை.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். பையை இறக்கினார். ஒரு படிக்கல்லை வைத்துப் பார்த்தார். மறுபடி பையை வைத்தார். யாரோ அவர்மேல் பழி சொன்னதுபோல, “தராசு செரியாத்தான் இருக்கு” என்றார்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அவள் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தினமும் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போய் வருகிறது.

உலகமே முதுகெலும்பு

நான் அப்போது பிசியோதெரபி இரண்டாம் வருடம். செல்போனில் பொத்தான்கள் இருந்த காலம். படிப்பு விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். படித்தேனோ இல்லையோ, படித்ததை எல்லோர் மேலும் ஏற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோள் சாய்ந்திருந்தால் எனக்கு இறங்கும் இடம் மறந்துபோகும். ஆராதனையில் எல்லோரும் தலை குனியும்போது நான் கழுத்துகளை எண்ணுவேன்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் மாணவர்களைச் சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுப்பார். முதலில் வெறுங்கையோடு, பிறகு பையோடு. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. பையோடு இருப்பவருக்குப் பத்து வயது கூடியிருக்கும். பிள்ளைகளுக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அவர் சொன்னதை வேதவாக்கியம்போல நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அபிஷாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இரண்டு தோளிலும் வார் பதிந்த இடம் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. தடம் அல்ல, பள்ளம். விரல் அதில் இறங்கி நின்றது. வலிக்குதா மக்களே என்று கேட்டேன். எது என்று கேட்டாள். அவளுக்கு அது உடம்பின் ஒரு பாகம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஷைனி அக்காவுக்கு அப்போது முப்பது இருக்கும். அத்தான் சவுதியில், தம்மாமில். வீடு, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஆள், பிள்ளையின் படிப்பு எல்லாம் அவள் தலையில். அவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, பால்பவுடர் டப்பா மூடியைத் திறப்பதுபோல அசராமல், நல்ல பேக்கு ஒண்ணு வாங்கிரலாம் என்றாள்.

அவ்வளவுதான். பூமி முழுக்க எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. அபிஷாவின் முதுகுக்குச் சரியான பை.

குடுவை வளர்ந்த கதை

மேல்புறம் ஊருக்குப் போய் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வார் அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கவேண்டும். பை இடுப்புக்குக் கீழே இறங்கக்கூடாது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப் இருந்தால் நல்லது. கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கவேண்டும். அந்தக் கடைசி வரி என்னை அபிஷாவின் பையைக் கவிழ்க்க வைத்தது. கனமான சாமான் எது?

புத்தகங்கள் இருந்தன. நான்கு கோடு, இரண்டு கோடு, கட்டம், கோடில்லாதது என்று நோட்டுகள் இருந்தன. பள்ளி முடிந்த கையோடு போகிற டியூஷனுக்குத் தனி நோட்டுகள். சோற்றுப் பாத்திரம். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் ராஜாவாக ஒரு ஸ்டீல் ஃப்ளாஸ்க். இரண்டு லிட்டர். தலையில் கைப்பிடி, பக்கத்தில் அரபி எழுத்து. அதை மட்டும் ஒரு கையால் என்னால் கொஞ்ச நேரம்தான் நீட்டிப் பிடிக்க முடிந்தது.

அதற்கு ஒரு வரலாறு இருந்தது. போன வருடம் அபிஷாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை, நிறையக் குடிக்க வையுங்கள் என்று அக்காவைத் திட்டியிருக்கிறார். அக்கா மறுநாளே அரை லிட்டர் பாட்டில் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் காலியாக வந்தது. பிள்ளைக்குப் போதவில்லை என்று ஒரு லிட்டர் வாங்கினாள். அதுவும் காலி. அத்தானுக்கு மிஸ்டு கால் போனது. அடுத்த முறை அங்கிருந்து ஆள் வந்தபோது அட்டைப்பெட்டியில் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் இந்த ஃப்ளாஸ்க் வந்து இறங்கியது. அதுவும் காலியாகத்தான் வருகிறதாம்.

கடுப்பு போச்சா என்று கேட்டேன். இடையில் இரண்டு தடவை வந்தது, சூட்டுடம்பு என்றாள் அக்கா. சீரக வெள்ளம் வைத்துத்தான் கொடுத்துவிடுகிறேன் என்றாள். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

நான் பையை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு சண்டை

மூன்று பேரும் மார்த்தாண்டம் போனோம். கடையில் கூரையிலிருந்து பைகள் வவ்வால் மாதிரித் தொங்கின. அபிஷா நேராகப் போய் ஒரு ரோஸ் நிறப் பையின் முன்னால் நின்றாள். சக்கரம் வைத்தது. எங்கள் முக்கிலிருந்து வீட்டுக்கு வெட்டுப்பாறைப் படிகளில் ஏறவேண்டும். அந்தச் சக்கரம் இரண்டாம் நாளே கழன்று ஓடைக்கு உருண்டுவிடும் என்று சொல்லி அவள் முகத்தைச் சுருங்க வைத்தேன்.

நெஞ்சுக் கிளிப் வைத்தது வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மலையேறுகிறவர்களின் பையைக் காட்டினார். அபிஷாவையே அதற்குள் போட்டு மூடலாம். லேப்டாப் பையைக் காட்டினார். கடைசியில் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி ஒன்றை எடுத்துவந்தார். நான் தேடிய அதே பை. குட்டையானது, அகல வார், முதுகுப் பக்கம் மெத்தென்று, நெஞ்சில் கிளிப். அபிஷாவுக்கு மாட்டினேன். இடுப்புக்கு மேலே கச்சிதமாக நின்றது. குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு குதி குதித்தாள்.

“பிளாஸ்க் கேறாதே” என்றாள் அக்கா.

கேறவில்லை. பக்கப் பையில் போட்டால் ஒரு பக்கம் இழுத்தது. உள்ளே வைத்தால் நோட்டு வைக்க இடமில்லை. அக்கா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். பெரியது, ஃப்ளாஸ்குக்கென்றே தைத்த மாதிரிப் பக்கத்தில் அறை. வார் கயிறு மாதிரி இருந்தது.

“அக்கா, பையவிடப் பிளாஸ்க்தான் பாரம். சின்ன பாட்டில் குடு.”

“எனக்க பிள்ளைக்கு நோவு வந்தா ஆசுபத்திரில நான்தான் நிக்கணும். நீ புஸ்தகம் எடுத்துட்டுப் போயிருவ. அவ ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா, கேட்டியா? போவும்பம்தான் பாரம். வரும்பம் பேக்கு காத்துபோல இருக்கும்.”

அந்த வாதம் என்னை அடித்தது. உண்மைதான். பாதி நாள் பாரம் இல்லையென்றால் கணக்கே வேறு. மாலை எடை பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். கடைக்காரர் இரண்டு பையையும் ஒரு நாள் எடுத்து வைக்கச் சம்மதித்தார். அபிஷா வழியெல்லாம் பேசவில்லை. சக்கரப் பைக்காக என்று நினைத்தேன்.

ஓடைக்கரையில்

மறுநாள் சாயங்காலம் டியூஷன் முடிந்து வேன் வருவதற்கு முன்பே நான் ஷீட் கடைக்குள் போய் நின்றேன். பையை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்னால் எடை பார்த்துவிடவேண்டும் என்ற அவசரம் எனக்கு. வழக்கமாக அந்த நேரத்தில் முக்கில் யாரும் நிற்பதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே கூட்டமாக மேலேறி வந்துவிடும்.

வேன் வந்தது. ஆண்பிள்ளைகள் குதித்து, பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பெண்பிள்ளைகள் ஓடவில்லை. ஆறேழு பேர் சாலையைக் கடந்து பஸ் ஸ்டாப் கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள். அபிஷாவும் போனாள்.

நான் பின்னால் போனேன். அங்கே ஓடையின் மேல் ஒரு சின்னக் கலுங்குப் பாலம். அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து பையைத் திறந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகி, கவிழ்த்தார்கள்.

சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. கட கடவென்று, வேறு வேறு பாட்டிலிலிருந்து, வேறு வேறு வேகத்தில். பச்சைத் தண்ணீர், சுக்கு வெள்ளம், சீரக வெள்ளம். எல்லாமே நிறைய. அபிஷா ஃப்ளாஸ்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துச் சரித்திருந்தாள். அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவள், “உனக்கது தீரவே தீராதுட்டீ” என்று சலித்துக்கொண்டாள்.

தினமும் செய்கிற வேலையின் சலிப்பு அது.

அபிஷா என்னைப் பார்த்ததும் ஃப்ளாஸ்கை நிமிர்த்திவிட்டாள். “அம்மாட்ட பறயாத சித்தி.”

நான் கலுங்கில் உட்கார்ந்தேன். ஏன் மக்களே குடிக்கல என்று கேட்டேன். அவள் ஷூவைப் பார்த்தாள். பதில் சொன்னது பக்கத்து வீட்டு ரெஜிலா, ஐந்தாம் வகுப்பு. எதற்கும் கூச்சப்படாதவள்.

“குடிச்சா போணும்லா?”

“போனா என்ன?”

“சித்தி, அங்க கக்கூசுக் கதவுக்கு உள்ள பூட்டக் கொண்டி இல்ல. ஒருத்தி வெளிய நின்னு பிடிக்கணும். பெல்லடிச்சா பிடிக்குதவளும் விட்டுட்டுப் போயிருவா. வெள்ளமும் வராது. உள்ள காலு மிதிக்க முடியாது. அதனால யாரும் குடிக்க மாட்டோம்.”

காலையில் எட்டு மணிக்கு முன்னால் வீட்டிலிருந்து போகிறவர்கள். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அதுவரைக்குமா என்றேன். அதற்கு ஒரு முறை உண்டு என்று ரெஜிலா எனக்கு விளக்கினாள். சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் கொஞ்சம் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். விளையாடிவிட்டு வந்தால் நாக்கை மட்டும் நனைத்தால் போதும். மூன்றாவது படிக்கும்போது அக்காமார் சொல்லித் தந்தார்களாம். இவள் அபிஷாவுக்குச் சொல்லித் தந்தாளாம்.

பிறகு பெரிய மனுஷிபோலச் சொன்னாள்:

“எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக குடிச்சிரும். பிறவு கெடந்து அழும்.”

என் கையில் சுருள்கம்பித் தராசு இருந்தது, தூக்கிப் பிடித்து நிறுக்கிறது. மாமாவிடம் இரவல் வாங்கியது. அதை எதற்குக் கொண்டுவந்தேன் என்று எனக்கு மறந்துபோய்விட்டது.

நீர்க்கடுப்பு. டாக்டர். அரை லிட்டர், ஒரு லிட்டர், தம்மாம் ஃப்ளாஸ்க். எல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் வரிசைக்கு வந்தன. பிள்ளை அம்மாவுக்குப் பயந்து கொட்டக் கொட்ட, அம்மா பிள்ளைக்குத் தாகம் என்று பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறாள். தோளில் விழுந்த பள்ளத்தில் பாதி, குடிக்காத தண்ணீர் தோண்டியது.

நாமும் அப்படித்தான்

அக்காவிடம் சொன்னேன். பறயாதே என்று பிள்ளை கேட்டிருந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தாள். கையைத் துடைத்தாள். அபிஷாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“நீ பள்ளிக்கூடத்துல வெள்ளம் குடிச்சிருக்கியா, ஏட்டி?”

ஒரு ஞாபகமும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் படித்திருக்கிறேன். பள்ளியில் தண்ணீர் குடிக்கிற நான் என்று ஒரு காட்சிகூட எனக்குள் இல்லை.

நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுகிற அன்று எங்கள் அம்மா காலையில் சாயா குடிக்கமாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பாயசம் வேண்டாம் என்பாள். அவளுக்கு இனிப்புப் பிடிக்காது என்றுதான் நாங்கள் சின்ன வயதில் நம்பியிருந்தோம். வீட்டில் ஒரு கிண்ணம் நிறையக் குடிப்பாள். நான் கல்லூரிக்குப் போகிற நாட்களில் மதியம் பாதி டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரெஜிலாவுக்காவது யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள்.

தசை, நரம்பு, எலும்பு என்று உடம்பைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டிருந்தவள் நான். சிறுநீர்ப்பைக்குத் தனிப் பாடம் இருந்தது. அதில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

அடுத்த நாள் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேன் வரும்போது முக்குக்கு வாருங்க, ஒரு காரியம் இருக்கு என்று மட்டும் சொன்னாள். ஐந்து அம்மாக்கள் வந்தார்கள். ஷீட் கடைக்குள் அவர்களை நிறுத்தினாள். பிறகு கலுங்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்களில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என்னை உலுக்கியது. கல்லூரியில் படிக்கிற நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. ரெஜிலாவின் அம்மா மட்டும் கீழே இறங்கிப் போய் மகளின் பாட்டிலை வாங்கி, மிச்சமிருந்ததைத் தானே குடித்தாள்.

கொண்டி

எல்லோருமாகப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை எங்களை உட்காரச் சொன்னார். இதுவரை யாரும் வந்து சொன்னதில்லையே என்றார். பொய் சொல்கிற முகமில்லை. யாரும் சொன்னதில்லைதான். அக்கா வாதாடவில்லை. “வாருங்க டீச்சர், ஒருக்கா பாத்துட்டு வரலாம்” என்று எழுந்து நடந்தாள்.

நான் அதை விவரிக்கப்போவதில்லை. வார இதழைக் கையில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன். கொண்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிள்ளையின் பழைய யூனிபார்ம் டையைக் கட்டியிருந்தார்கள். உள்ளே போகிறவள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே உட்காரவேண்டும். அந்த டை எத்தனையோ கைபட்டுக் கருத்துத் திரியாகியிருந்தது. தலைமை ஆசிரியை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார்.

ஒரு வாரத்தில் கொண்டி வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. சுத்தம் செய்ய ஒரு அம்மா வந்தார். மார்த்தாண்டத்துக்குப் போய் நெஞ்சுக் கிளிப் வைத்த குட்டைப் பையை வாங்கினோம். ஃப்ளாஸ்க் பரணில் ஏறியது. அரை லிட்டர் பாட்டில் புதிய பையின் பக்கத்தில் சரியாக உட்கார்ந்தது. பள்ளியில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதே, நிரப்பிக்கொள்ளலாம். டியூஷன் நோட்டுகளை டியூஷன் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டோம். எடை மூன்றுக்குக் கீழே வந்தது. பேராசிரியரின் பத்தில் ஒரு பங்கு இன்னும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அபிஷா நிமிர்ந்து நடந்தாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

நான் கல்லூரிக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம் அவள் பையைக் கழற்றிக் கையில் வாங்கினேன். பாட்டில் நிறைய இருந்தது. காலையில் அக்கா திருகிய மூடி, திருகியபடியே.

கதவு சரியாயிற்றே என்றேன். ஆச்சு என்றாள். சுத்தமாக இருக்கிறதா? இருக்கு. போகிறாயா? ரெண்டு தடவ போனேன். பிறகு ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

“தாகம் வரல சித்தி.”

நாக்கு வெளுத்து, உதடு காய்ந்து பொருக்காக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. எட்டு வயதில், வராமல் இருக்கத் தாகத்தைப் பழக்கியிருக்கிறாள். வா என்றால் வரவில்லை. கொண்டி வைக்க ஒரு வாரம் போதும். இதற்கு என்ன வைப்பது என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கா மேஜையில் மூன்று டம்ளர் வைத்து நிறைய ஊற்றினாள். அபிஷாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எல்லாரும் சேர்ந்து குடிப்போம் என்றாள். இனி தினமும் இதுதான் என்றாள்.

நான் மடமடவென்று ஆரம்பித்தேன். பாதியில் டம்ளரை இறக்கினேன். மூச்சு வாங்கி மறுபடி வாயில் வைத்தேன். அபிஷா ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக்கொண்டு, மருந்துபோல இறக்கிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு கண்ணைத் திறந்தாள். எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அக்காவின் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சித்தி, அம்மா குடிக்கல. ஏமாத்துது.”